பல்லழகனுக்கு நான் வைத்த தேர்வு

எனக்குச் சிரிக்கத் தெரியாது என்பதை என் மனைவி கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அதை ஒரு குறையாக அவள் சொன்னதில்லை. அவளுடைய அம்மாதான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "மாப்பிள்ளை தங்கமானவர், மூஞ்சிதான் அப்படி" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், மேடம், நேற்று நீங்கள் கேள்வி கேட்டபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினீர்கள் போலிருக்கிறது. முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிற வியாதி போலீஸிலும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். எங்கள் ஆஸ்பத்திரியைக் கெடுத்ததும் அதே வியாதிதான்.

எல்லாவற்றையும் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். தருகிறேன். கம்ப்யூட்டர் விஷயம் வருகிற இடங்களில் உங்களுக்குப் புரிகிற மாதிரி எளிமையாக எழுதுகிறேன். மேனேஜருக்கு எழுதி எழுதி எனக்கு அது பழகிவிட்டது.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது கம்ப்யூட்டர் பிரிவு. ஜன்னல் கிடையாது. மேலே வார்டில் படுத்திருக்கிற நோயாளி தலைமாட்டுப் பொத்தானை அழுத்தினால், சிஸ்டர்கள் உட்காரும் மேஜையில் அந்த அறை எண் சிவப்பாக மின்னும், மணி அடிக்கும். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சாதாரண மணி. அந்தப் பொத்தானுக்கும் அந்த மேஜைக்கும் நடுவில் இருப்பதெல்லாம் நான் உருவாக்கியது. பல வருஷங்களாக ஒரு மணிகூடத் தவறியதில்லை. அதற்காக யாரும் என்னை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் எடுத்தார்கள். நானும் மனுக் கொடுத்திருந்தேன் என்று மேனேஜர் உங்களிடம் சொல்லியிருப்பார். அது ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான். "நீங்க இல்லாம டிபார்ட்மென்ட் ஓடாது, ஆனா நாலு பேர வச்சு மேய்க்கிற வேலை உங்களுக்குச் சரிவராது" என்று அவர் தோளில் தட்டிச் சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வருகிறவர்களுக்குத் தொழில்தேர்வு வைக்கிற பொறுப்பை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

என் தேர்வு எளிமையானது. ஒரு பழைய கம்ப்யூட்டரில் மணி அமைப்பின் நகல் ஒன்றை ஓடவிட்டிருந்தேன். அதன் புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றிவிடுவேன். மாற்றினால் மணி சிஸ்டர் மேஜைக்குப் போகாமல் வேறெங்கோ போய்விடும். எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வேலை தெரிந்தவனுக்கு ஒரு காபி ஆறுவதற்குள் முடிகிற காரியம்.

வந்தவர்களில் ஒரு பெண் மட்டும்தான் கண்டுபிடித்தாள். உள்ளே வந்தாள், உட்கார்ந்தாள், தட்டினாள், "இங்க போகுது" என்றாள், எழுந்து போய்விட்டாள். வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அடுத்து வந்தவன்தான் பல்லழகன். இது நான் மனசுக்குள் வைத்த பெயர். வாயைத் திறந்தால் முப்பத்திரண்டும் தெரியும். கதவைத் திறக்கும்போதே மேனேஜரின் முழங்கால் கட்டைப் பார்த்து, "சார், மாடிப்படி ஏறாதீங்க, எங்கப்பாவுக்கும் இதே வலிதான்" என்றான். மேனேஜர் அந்தப் பேச்சிலேயே விழுந்துவிட்டார். என் கம்ப்யூட்டர் முன்னால் அவனை உட்கார வைத்தேன். திரையைக் கோயில் சிலையைப் பார்ப்பது மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த மாதிரி பிரச்சனை வந்தா டீமோட உட்கார்ந்து பேசித் தீர்த்துக்குவேன் சார்" என்றான். மேனேஜர் பூரித்துப்போய் என்னைப் பார்த்தார், ஏதோ அவன் மணியைச் சரிசெய்துவிட்ட மாதிரி.

அன்று மாலை எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் வந்தது. "அந்தப் பொண்ணு என் மூஞ்சிய ஒரு தடவைகூடப் பாக்கல. மனுஷங்களோட பழகத் தெரியல. நாளைக்கு டாக்டருங்ககிட்ட எப்படிப் பேசும்?" என்றார். இவனுக்கு வேலை தெரியாதே என்றேன். "வேலைய யாரு வேணும்னாலும் கத்துக்கலாம். குணம் கத்துக்க முடியுமா? சொல்லுங்க." கற்றுக்கொள்ள முடியாது என்று நானும் ஒப்புக்கொண்டேன். அவனை எடுத்தார்கள். அவன் எனக்கு மேலே உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரியே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. சிஸ்டர்களின் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பதுவரை அவனுக்குத் தெரியும். ஏதாவது பழுதென்றால் என் மேஜைக்கு வந்து, "அண்ணா, இது எனக்குப் பிடிபடல, கொஞ்சம் சொல்லித் தாங்க" என்பான். வெட்கமே இல்லாமல் கேட்பான். நான் செய்து முடித்ததும் மேலே போய், "அண்ணாதான் செஞ்சாரு" என்று சொல்லிவிட்டும் வருவான். அதையும் அவனுடைய பெருந்தன்மை என்றுதான் எல்லோரும் பேசினார்கள். ஒருநாள் என்னை அழைத்துப் போக என் மனைவி வந்திருந்தாள். வாசலில் அவன் ஏதோ சொல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வந்து, "எவ்வளவு நல்ல மனுஷன், அவரப் போயி திட்டிட்டே இருக்கீங்களே" என்றாள். எனக்குப் பற்றி எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

இவனுடைய சாயம் வெளுக்க வேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான். நான் பழிவாங்கவில்லை, மேடம். அவன் எழுதாமல் விட்ட தேர்வை மறுபடி வைத்தேன். பழைய கம்ப்யூட்டரில் வைத்தால் மறுபடி வாய்ப்பந்தல் போட்டுத் தப்பித்துவிடுவான் என்பதால், ஓடிக்கொண்டிருக்கிற நிஜ மணியில் வைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு செய்தேன் என்று நினைக்க வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடவில்லை, குழந்தைகள் வார்டையும் தொடவில்லை. ஆபரேஷன் முடிந்து தேறியவர்கள், மறுநாளோ அதற்கு மறுநாளோ வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கும் தனியறை வார்டாகப் பார்த்து எடுத்தேன். பகல் வேளையாகவும் பார்த்துக்கொண்டேன். எந்த மணியும் வீணாகிவிடக் கூடாது என்று அவற்றையெல்லாம் என் மேஜைக் கம்ப்யூட்டருக்கே திருப்பிவிட்டேன். பொறுப்பில்லாதவன் இப்படியெல்லாம் யோசிப்பானா?

முதலில் ஒரு மணி வந்தது, நின்றது. தண்ணீர் கேட்டிருப்பார்கள். பிறகு பதினேழாம் அறையிலிருந்து ஒன்று வந்தது. அதில் பித்தப்பை எடுத்த ஒரு அம்மா இருந்தார். அவருடைய மகன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அந்த மணி நிற்கவில்லை. விட்டு விட்டு அடித்தது, பிறகு விடாமல் அடித்தது. சிலருக்குப் பொறுமை கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் வார்டு சிஸ்டர் பல்லழகனைப் போனில் கூப்பிட்டு, ரொம்ப நேரமாக ஒரு மணிகூட வரவில்லை, அது சரியாகப் படவில்லை என்று சொல்லியிருக்கிறார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவன் தட்டுவதும் அழிப்பதும் தலையைச் சொறிவதும் எனக்குத் தெரிந்தது. அதிலிருந்த ஒரு வரிகூட அவன் மண்டையில் ஏறியிருக்காது. பிறகு எனக்குப் போன் செய்தான். நடுவில் ஒரு கண்ணாடிதான், ஆனாலும் போன் செய்தான்.

"அண்ணா, மணி எங்கயோ போகுது, எங்கன்னு தெரியல. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

"தேடுங்க. கிடைக்கும்" என்றேன்.

"விளையாடாதீங்கண்ணா, மேல ஆளுங்க படுத்திருக்காங்க."

"தலைவர் நீங்கதானே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பரீட்சை எழுதுகிறவனுக்குப் பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுக்கலாமா? என் எதிரில் பதினேழு மின்னிக்கொண்டிருந்தது.

அப்போது அவன் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கம்ப்யூட்டரை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடினான். லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படிக்கட்டில் ஓடினான். வார்டுக்குப் போய் சிஸ்டர்களோடு ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறான். ஒன்றாம் அறையிலிருந்து ஆரம்பித்திருக்கிறான். கண்டுபிடிக்கத் தெரியாதவன் அப்படித்தானே செய்வான். அவர்கள் கடைசி அறைகளுக்கு வருவதற்குள் என் திரையில் பதினேழு அணைந்தது. யாரோ போய்ப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்து, மாற்றிய வரியைப் பழையபடி வைத்துவிட்டு, காபி குடிக்கப் போனேன்.

அந்த அம்மாவுக்கு ரத்தம் எங்கோ உறைந்து நுரையீரலை அடைத்துவிட்டதாம். உடனே யாராவது போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர்கள் சொன்னார்கள். டாக்டர்கள் எதையும் உறுதியாகச் சொல்வார்கள்.

பல்லழகன் அந்த மகனுக்கு முன்னால் போய் நின்று, "எங்க பிரிவோட தப்புதான்" என்று அழுதான். நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன், ஆனால் வேலையையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். நான் தடுக்கவில்லை. தேர்வில் தோற்றவன் போவது நியாயம்தானே. மேனேஜருக்கும் அப்போதுதான் புத்தி வந்தது. என்னைக் கூப்பிட்டு, "நீங்க சொன்ன அந்தப் பொண்ணையே எடுத்திடலாம்" என்றார். என் வாழ்க்கையில் அவர் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இனி உங்களுக்குத் தெரிந்ததுதான். என்னைக் கண்டுபிடித்தது நீங்கள் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அது பொய் என்று உங்களுக்கே தெரியும். வரியை மாற்றிய தடத்தை நான் சுத்தமாக அழித்துவிட்டேன். மணி எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனது என்ற தடத்தை மட்டும் அழிக்கவில்லை. அழிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதைப் படிக்கத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் என்னைத் தவிர யாருமில்லை. அவள் சேர்ந்த முதல் வாரமே படித்துவிட்டாள்.

என் மேஜைக்கு வந்து நின்று, வழக்கம்போலத் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பதினேழாம் ரூம் மணி உங்க கம்ப்யூட்டருக்கு வந்திருக்கு சார்."

"ஆமா."

"அப்ப நீங்க சீட்ல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"அடிச்சதப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நின்னதையும் பாத்தீங்களா?"

அதையும் பார்த்தேன் என்றேன். உங்களுக்கு வேண்டிய வாக்குமூலம் அதுதான் என்றால் இங்கேயும் எழுதிக்கொடுக்கிறேன்: நான்தான் திருப்பினேன், பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த அம்மா செத்துப்போனார்.

அப்போதுதான் அவள் முதல்முறையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு போன் பண்ணப்போ ரூம் நம்பர் மட்டும் சொல்லியிருந்தா போதுமே. நீங்கல்லாம் மனுஷனா சார்?" என்றாள். என் பதிலுக்குக்கூட நிற்காமல் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு முறை இருக்கிறதல்லவா? மனுஷர்களோடு பழகத் தெரியாத பெண் என்று மேனேஜர் அன்றைக்கே சொன்னார், நான்தான் கேட்கவில்லை. அவளை எடுக்கலாமா என்று இன்றைக்கு என்னைக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.