இடப்பக்கக் குழாய்

சாரல் சீசனில் ஐந்தருவிச் சாலையில் எண்ணெய் கிடப்பது புதிதில்லை, சார். ஊரே உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டுதான் அருவிக்கு நடக்கிறது. பாதி வழியிலேயே சொட்டிவிடும். மேசைக்கடியில் என் கால் ஆடுவதைக் கண்டுகொள்ளாதீர்கள். ஒரு முடிவு தெரியாமல் தொங்கினால் எனக்கு அப்படித்தான்.

என் இறுதியாண்டு ப்ராஜெக்ட், கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்த குழாய். வண்டிக்கு முன்னால் இரண்டைப் பொருத்தினால், மோதும்போது நுனியிலிருந்து அப்பளமாக நொறுங்கி அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். ஓட்டுகிறவர் பிழைத்துக்கொள்வார். ஆனால் நேராக மோத வேண்டும். சாய்வாக மோதினால் நொறுங்காது. முருங்கைக் கிளை மாதிரி அடியோடு முறிந்துவிடும். அதற்கும் வழி கண்டுபிடித்தேன்: நுனியைச் சரிவாகச் சீவி, அடியில் கூடுதலாக இழை சுற்றுவது.

நிரூபிக்கத்தான் வழியில்லை. எங்கள் கல்லூரி இயந்திரம் நேராக மட்டுமே அமுக்கும். துறைத்தலைவரும் அதே ரகம். "சாய்வு டெஸ்ட் இல்லேன்னா அந்தச் சாப்டரைத் தூக்கிரும்வே" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிங்ஸ்லி அண்ணன் தினமும் என்னைத் தென்காசியிலிருந்து கல்லூரிக்கு ஏற்றிப்போகும் ஆட்டோக்காரர். கேட்டதும் வண்டியைக் கொடுத்தார்.

"ஏலே இன்ஜினியரு, என் வண்டிக்குக் கொம்பு வச்சிட்டியே. இனி புல்லும் நீதாம்லே வாங்கிப் போடணும்."

"உங்க பாதுகாப்புக்குத்தாண்ணே."

"படிச்ச புள்ள நீ சொல்லுத, சரியாத்தான் இருக்கும்."

இடப்பக்கம் புதிய குழாயைப் பொருத்தினேன். வலப்பக்கம் பழைய ரகம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே.

ஐந்தருவிக்குக் கீழே இறக்கத்தில் ஒரு வளைவு. அதைத் தாண்டியதும் ஓடைப் பாலம். வளைவில் வழுக்கினால் வண்டி பாலத்தின் இடப்பக்கச் சுவரில்தான் சாய்வாக மோதும். அதாவது, நல்ல குழாய் மோதும். மேலே சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத்தான் திரும்புகிறார் என்று போனில் கேட்டுக்கொண்டேன். பயணிகளைப் பணயம் வைக்க நான் மிருகமில்லை. "பாலத்துல நிக்கேன், வெரசா வாங்கண்ணே, பரீட்சைக்கு நேரமாச்சு" என்றேன். சோதனைக்கு வேகம் முக்கியம். பிறகு எண்ணெயை ஊற்றினேன்.

குழாய் நொறுங்குவது தெளிவாகப் பதிவாக வேண்டும் என்று, இடப்பக்கச் சுவரை ஒட்டிச் செல்போனோடு நின்றேன். வண்டி வழுக்கியது. என் கணக்குப்படியே வந்தது. அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, தள்ளிப் போலே" என்று கத்திக்கொண்டே ஹேண்டிலை முழுக்க வலப்பக்கம் ஒடித்தார்.

எதிர்ச்சுவரில் மோதியது பழைய குழாய். அடியோடு முறிந்தது. ஆம்புலன்ஸ் வருமுன் அண்ணன் இறந்துவிட்டார்.

எண்ணெய் ஊற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். ஹேண்டிலைத் திருப்பாமல் என் பக்கமே வந்திருந்தால் என் குழாய் அவரைக் காப்பாற்றியிருக்கும். சோதனையில் குறுக்கிட்டது அவர்.

இடப்பக்கக் குழாயில் ஒரு கீறல்கூட இல்லை, சார். வழக்கு முடிந்ததும் மறக்காமல் தந்துவிடுங்கள். சோதனை இன்னும் பாக்கி இருக்கிறது.