சிக்னல் போனாலும் ஓட வேண்டிய மோட்டர்

பெயர்: சரீப் நிஸ்தார். வயது: 38. தொழில்: கைத்தொலைபேசி திருத்துதல். விலாசம்: பிரதான வீதி, ஓட்டமாவடி. மொழி: தமிழ்.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி நஸீபாவுடனும் மகள் ஸில்மியாவுடனும் வசித்து வருகிறேன். சிறுவயதில் வந்த காய்ச்சலில் எனது வலது கால் சூம்பிப் போனது. அதை இழுத்துத்தான் நடப்பேன். காயப்பட்ட அம்ஜத் என்பவர் எனது தங்கை றுமானாவின் கணவர். கட்டாரில் பாரவூர்தி ஓட்டிவிட்டு வந்து, இந்தப் போகம் மாத்திரம் வயல் செய்துகொண்டிருந்தார். திரும்பவும் அதே வேலைக்குப் போக அவருக்கு விசா வந்திருந்தது. எனக்கு அவரை எப்போதும் பிடிக்காது. அதை மறைக்க வேண்டிய தேவை எனக்கில்லை.

அம்ஜத் வரும்போது பெட்டரியில் பறக்கும் விளையாட்டு விமானம் ஒன்று கொண்டு வந்திருந்தார். பருந்தின் உருவம், மூக்கில் காற்றாடி. கதிர் பால் பிடிக்கும் காலத்தில் வயல் வட்டைக்குள் இறங்கும் குருவிகளைக் கலைக்க அதைப் பறக்க விடுவார். பக்கத்து வயல்காரர் அழகரத்தினமும் மற்றவர்களும் வரம்பில் நின்று பார்ப்பார்கள். அதன் பின்னர் அந்த விமானம் தூரத்தில் ரிமோட்டுக்குக் கட்டுப்படாமல் போகத் தொடங்கி, ஒரு நாள் மோட்டர் நின்று வாய்க்காலுக்குள் விழுந்தது. தங்கை எனக்கு அழைப்பெடுத்து, "காக்கா, ஒருக்கா வந்து பாத்துக் குடுங்க. இவர் ஊட்டுல எல்லாரோடயும் எரிஞ்சி உழுறார்" என்றாள். அவளுக்காக வயலுக்குப் போனேன்.

பெட்டரியையும் வயர்களையும் பார்த்தேன். குறையொன்றும் இல்லை. அதன் பின்னர் ரிமோட்டின் சக்தியைக் குறைத்து, விமானத்தை அம்ஜத்திடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, ரிமோட்டை அசைத்துக்கொண்டே வரம்பால் தள்ளி நடந்தேன். சிக்னல் எதுவரை போகிறது என்று பார்க்க யாராவது நடந்துதான் ஆக வேண்டும். விமானத்தின் முகம் என் பக்கம் இருந்தபோது வால் அசைந்தது. வயிற்றை என் பக்கம் திருப்பச் சொன்னதும் அசைவு நின்றது. திரும்பி வந்து வயிற்றைப் பார்த்தேன். வயலில் குருவி விரட்டக் கட்டும் மினுங்கும் நாடாவை, விமானமும் மினுங்கினால் குருவி கூடப் பயப்படும் என்று, வயிறு முழுக்க ஒட்டியிருந்தார். சிக்னலைப் பிடிக்கும் சின்னக் கம்பி அதற்கு நேர் உள்ளே இருந்தது. அந்த நாடாவில் உலோகப் பூச்சு உண்டு, சிக்னல் அதைத் தாண்டாது. நாடாவை உரித்தெடுத்துவிட்டு மறுபடியும் நடந்தேன். வரம்பின் முடிவு வரைக்கும் வால் அசைந்தது. நான் நடந்த இரண்டு தடவையும் அவர் மற்றக் கையால் என்னைப் படம் பிடித்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பின்னர் அவர் விமானத்தைப் பறக்க விட்டு இறக்கினார். இறக்கியதும் வலது கையால் அதை மூக்கில் பிடித்துத் தூக்கிக்கொண்டே, கழுத்தில் தொங்கிய ரிமோட்டை இடது பெருவிரலால் நிறுத்தினார். பெட்டரியை அதன் பிறகுதான் கழற்றினார். அது பிழையான முறை. முதலில் விமானத்தின் பெட்டரி, கடைசியில்தான் ரிமோட். இதை அவரிடம் சொன்னேன். அவர் அழகரத்தினத்தைப் பார்த்து, "போன் திருத்துற மனிசன் எனக்கு ப்ளேன் உடப் படிச்சித் தாறார்" என்று சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் அந்தப் படம் டிக்டொக்கில் வந்தது. விமானத்தின் வால் அசைவதையும் என் கால் இழுபடுவதையும் மாறி மாறி வெட்டி, அதற்கேற்ற பாட்டும் போட்டிருந்தார். "ரெண்டுல எதுக்கு சிக்னல் இல்ல?" என்று மேலே எழுதியிருந்தது. முதல் ஆளாக அதற்கு இதயம் போட்டவள் என் தங்கை. என் கடைக்கு வந்தவர்கள் படியிலேயே என்னைப் போலக் காலை இழுத்து ஏறினார்கள். ஸில்மியா பள்ளிக்கூடத்தால் வந்து, இனிமேல் வாப்பா என்னை ஏற்ற வரவேண்டாம் என்று உம்மாவிடம் சொன்னாள். நஸீபா அதை என்னிடம் சொல்லவில்லை. நான் மறுபக்க அறையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அதன் பின்னர் அம்ஜத் விமானத்தையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "சும்மா பகிடிக்குத்தானே மச்சான், அதயெல்லாம் மனசில வெச்சிக்காதீங்க" என்றார். பிறகு, "சிக்னல் போனாலும் மோட்டர் நிக்கப்படா, ஓடிட்டே இரிக்கணும். அப்பதான் தண்ணிக்குள்ள உழாம கிறுகித் திரும்பி வரும்" என்றார். சிக்னல் போனால் மோட்டர் நிற்கும்படி வைத்திருப்பதே ஆளைக் காப்பாற்றத்தான் என்று சொன்னேன். "சொன்னதச் செய்ங்க மச்சான், விளக்கம் வேணா" என்றார். அப்போது கடையில் நின்ற பஹ்மி என்பவரும் இதைக் கேட்டார். நான் காற்றாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சிக்னல் அறுந்தால் மோட்டர் முழு வேகத்தில் ஓடும்படி மாற்றினேன். அவர் கேட்டதற்குப் பாதி வேகமே போதும். முழு வேகம் நானாக வைத்தது. சோதித்துப் பார்த்துவிட்டுக் காற்றாடியைப் பூட்டிக் கொடுத்தேன். ரிமோட்டை நிறுத்துவதும் சிக்னல் போவதும் விமானத்துக்கு ஒன்றுதான். அதை அவருக்கு நான் சொல்லவில்லை. விளக்கம் வேண்டாம் என்றவர் அவர்.

அடுத்த நாள் நான் வட்டைக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, பார்க்கத்தான் போனேன். அம்ஜத் விமானத்தைப் பறக்க விட்டதும் குருவிகள் கூட்டமாகக் கிளம்பிப் பறந்தன. எல்லோரும் நிற்கும்போது அம்ஜத் என்னிடம், "மச்சான், இன்னொருக்கா அப்பிடி நடந்து காட்டுங்களன், சனம் கேக்குது" என்றார். நான் நடந்தேன். வரம்பின் முடிவு வரை போய்த் திரும்பி வந்தேன். சிரித்தார்கள். அழகரத்தினம் மாத்திரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பின்னர் அம்ஜத் விமானத்தை இறக்கி, காற்றாடி நின்றதும் வலது கையால் மூக்கில் பிடித்துத் தூக்கினார். இடது பெருவிரல் ரிமோட்டின் விசைக்குப் போவதைக் கண்டேன். அந்த விசையை நிறுத்துவதற்குச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் அழுத்திப் பிடித்திருந்த நேரம் முழுக்க நான் கை எட்டும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றாடி முழு வேகத்தில் சுற்றி அவருடைய விரல்களுக்குள் புகுந்தது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அங்கேயே போயின. பெருவிரல் தோலில் தொங்கியது. கீழே விழுந்த விமானம் மண்ணைக் கிளறிக்கொண்டு கிடந்தது. நான் முதலில் அதன் பெட்டரியைக் கழற்றினேன், அதன் பின்னர் அவரிடம் போனேன். அழகரத்தினம் தன் சால்வையால் கையைச் சுற்றிக் கட்டினார். கட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "மனே, நீ பாத்துக்கிட்டுத்தானே நிண்டாய்?" என்று கேட்டார். நான் குனிந்து விரல்களைத் தேடினேன். கதிருக்குள் தேடியதில் ஒரு விரல்தான் கிடைத்தது.

வைத்தியசாலையில் அந்த விரலையும் பொருத்த முடியவில்லை. பெருவிரலையும் எடுத்துவிட்டார்கள். வெளியே நின்ற றுமானா என் சட்டையைப் பிடித்து, "இனி ஸ்டியரிங் புடிக்க ஏலாதாம் காக்கா. விசாவும் போச்சு. ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே" என்று அழுதாள். "குடுத்திருக்கலாம்" என்றேன். வேறு ஏதாவது சொல்வேன் என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பஸ் எடுத்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இவ்வளவும் எழுதி முடிந்த பின்னர் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. மோட்டரை மாற்றிய இடத்தில் "தவறுதலாக" என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளவா என்று எழுதிய பொலிஸ் சார்ஜன்ட் கேட்டார். சேர்க்க வேண்டாம் என்றேன். யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொன்னவை இவை, அனைத்தும் உண்மை.

ஒப்பம்: ச. நிஸ்தார்