கழுகுக் கண்

— இதை வெச்சா இமையைத் துடைச்சீங்க? தம்பி, இது மூக்குக்கண்ணாடி துடைக்கிற தாள். ஸ்பிரிட் கலந்தது.

— கண்ணாடிக்கு ஆகறது கண்ணுக்கு ஆகாதாக்கா?

— தரை துடைக்கிற துணியால மூஞ்சியைத் துடைப்பீங்களா? இப்படி வெளிச்சத்துக்கு வாங்க. ம்... இமை ஓரமெல்லாம் செக்கச்செவேல்னு கிடக்கு. முடி வேர்ல பொடுகு மாதிரி அப்பியிருக்கு. டாக்டர் என்ன சொன்னார்?

— இமை அழற்சியாம். தினமும் சுத்தம் பண்ணு, மருந்துக்கடையில கேட்டா தருவாங்கன்னார். இங்க பார்த்தா ஒரு அலமாரியே இருக்கு. எது சீக்கிரம் கேக்கும்? நாளைக்குக் காலையில சரியாகணும்கா.

— நாளைக்கா? ஒரே அலசுல போக இது சட்டைக் கறையா? வாரக்கணக்குல சலிக்காம செய்யணும். இது இமைக்குன்னே இருக்கற தாள், தனித்தனி உறையில வரும், தண்ணி இல்லாத இடத்துக்குச் சௌகரியம். இது இமை கழுவற நுரை.

— அந்தப் பச்சை டப்பா?

— டீ ட்ரீன்னு ஒரு காரமான மூலிகை எண்ணெய் கலந்தது. ஏற்கெனவே ஸ்பிரிட்ல வெந்த தோல், தாங்காது. டாக்டரைக் கேக்காம அதைத் தொடாதீங்க. நுரையே எடுத்துக்கங்க. முதல்ல கைபொறுக்கிற சூட்டுல துணியால ஒத்தடம். பொருக்கு இளகினதும் கண்ணை மூடிக்கிட்டு, முடி வேரோரமா மெதுவா. அப்படி என்ன நாளைக்கு, பொண்ணு பாக்கப் போறீங்களா?

— எனக்கு யாரு பொண்ணு தருவாங்கக்கா. டவர் கிரேன் ஓட்டறேன். சந்தைக்கு எதிர்ல எழும்புதே, அந்தக் கட்டடம். நாளைக்குக் கண்ணாடிச் சுவர் ஏத்தறோம்.

— இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா?

— சிமிட்டினா தெளியுது. அப்புறம் மறுபடி புகை போட்ட மாதிரி ஆயிடுது.

— சூப்பர்வைசர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே.

— சொன்னா அன்னிக்கே கீழே இறக்கிடுவாங்க. அந்தக் கூண்டுல ஏற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

— கீழே ஆளுங்க நிப்பாங்களே, தம்பி.

— அதுக்குத்தான் சிக்னல் அண்ணன் இருக்காரு. கழுகுக் கண்ணு அவருக்கு. கீழே நின்னு வாக்கி டாக்கியில அவர் சொல்லச் சொல்ல நான் இறக்குவேன். இப்பல்லாம் நான் கீழே பாக்கறதையே விட்டுட்டேன். அவர் குரல் போதும்.

— உங்க கண்ணு விஷயம் அவருக்குத் தெரியுமா?

— எதுக்கு அவரை பயமுறுத்தணும்? தங்கமான மனுஷன். ரெண்டு டன் இரும்பு தொங்கும், ‘வா ராசா வா, பூ வைக்கிற மாதிரி வை’ம்பார். என்னக்கா, டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டே நிக்கறீங்க? பில்லைப் போடுங்க.

— பூ வைக்கிற மாதிரின்னா சொல்வார்?

— ஆமா. அவரைத் தெரியுமா உங்களுக்கு?

— வீட்டுல சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமா வெச்சாலும் எனக்கு அதே பாட்டுதான். தம்பி, இதே நுரையைப் போன வாரம் அவருக்கு நான்தான் எடுத்துட்டுப் போனேன். அண்ணாந்து பார்த்தா எல்லாம் கலங்கலாத் தெரியுதாம். வேலையிடத்துல சொல்லித் தொலைங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். ‘எதுக்குடி? நான் சும்மா வாயை அசைக்கிறேன், மேலே இருக்கற தம்பிக்குக் கழுகுக் கண்ணு’ன்னார்.