மெழுகில் பதித்த என் சதையை எடுத்துச் சென்றது பற்றி

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. மருத்துவக் கல்லூரியில் நோயியல் துறை விரிவுரையாளர். இத்தனை வருடத்துக்குப் பிறகும் விரிவுரையாளர்தான் என்பதையும் பதிந்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். விஷயம் என் உடம்பின் மறைவிடம் சம்பந்தப்பட்டது என்பதால் எல்லோருடைய பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதி உறையிலிட்டுக் கொடுத்திருக்கிறேன்.

என் மேல் திருட்டுப் புகார் கொடுத்த புகார்தாரர் என் மனைவியின் தம்பி. என்னிடம் படித்தவர். இப்போது எங்கள் கல்லூரியின் தடுப்பூசி ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர். பெண்களின் கருப்பை வாயில் புற்று உண்டாக்கும் வைரஸ் ஆண்களின் பிறப்புறுப்பிலும் அதைச் செய்கிறது. ஆண்களின் புற்றில் எந்த வகை வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் இப்போதுள்ள தடுப்பூசி அவர்களையும் காக்குமா என்று சொல்ல முடியும். அதைக் கண்டறியும் திட்டத்தை எழுதியவன் நான். திட்டத்துக்கு அனுமதி வந்தபோது அவர் அமைத்த குழுவில் நான் இல்லை. அதன் பிறகு எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

சென்ற மாதம் என் ஆண்குறியில் மரு போன்ற ஒன்று வளர்ந்ததால் அறுவை மருத்துவரிடம் காட்டினேன். அவர் அதில் ஒரு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அப்படி எடுக்கும் சதையை மெழுகில் பதித்துக் கட்டியாக்குவார்கள். அந்தக் கட்டியை பிளாக் என்போம். அதை மெல்லிய ஏடாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இந்த வகைச் சதையெல்லாம் பெயர் நீக்கி, எண் மட்டும் போட்டு மைத்துனரின் பிரிவுக்குப் போகும். அங்கே புற்று என்று முடிவு எழுதினார்கள். உறுப்பில் பாதியை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி அறுவை மருத்துவர் தேதி குறித்தார். அதன் பிறகு நான் வீட்டுக்குப் போய்ச் செய்தித்தாளில் மரண அறிவிப்புப் பக்கத்தை விரித்து உட்கார்ந்தேன்.

“என்ன, ஒரே பக்கத்தை முறைச்சிட்டிருக்கீங்க? யாரு போயிட்டா?” என்று என் மனைவி கேட்டார்.

யாரும் இல்லை என்றேன்.

அதன் பிறகு என் எண்ணுக்குரிய ஸ்லைடை வாங்கி நானே பார்த்தேன். புற்று இருந்தது உண்மை. ஆனால் அது ஓரமாக, மற்றச் சதையோடு எங்கும் ஒட்டாமல் ஒரு துணுக்காகக் கிடந்தது. முன்னால் சீவிய வேறொருவரின் துணுக்கு வெந்நீர்த் தொட்டியில் தங்கி, அடுத்தவர் ஸ்லைடில் ஏறிக்கொள்வது உண்டு. இதை நான் வருடந்தோறும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். ஆனால் தன் சதையைத் தானே பார்ப்பவன் தனக்கு வேண்டியதைத்தான் பார்ப்பான் என்பதால் பிளாக்கை மறுபடி சீவித் தரும்படி அந்தப் பிரிவின் ஆய்வகப் பணியாளரிடம் கேட்டேன்.

“தலைவர் சொல்லாம பிளாக்கைச் சீவினா என்னைச் சீவிடுவார் சார். ஒரு வார்த்தை கேளுங்களேன். உங்க மச்சான்தானே?” என்றார் அவர்.

மைத்துனரின் அறை பக்கத்திலேயே இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. அங்கே போய் நிற்பதற்குப் பாதியை இழப்பதே மேல் என்று தோன்றியது. பணியாளர் தொலைபேசியை எடுக்கத் திரும்பியபோது பிளாக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினேன். கேமராவில் தெரிவது நான்தான்.

அதன் பிறகு என் பழைய மாணவர் ஒருவரின் தனியார் ஆய்வகத்தில் அதைச் சீவிப் பார்த்தோம். புற்று இல்லை. அதை எடுத்துக்கொண்டு அறுவை மருத்துவரிடம் போனேன்.

“சின்னப் புள்ளியா இருந்தா முதல் சீவல்லயே தீர்ந்து போயிருக்கும் சார். பாடம் நடத்துறவர் நீங்க, நான் சொல்லணுமா? தேதியை மாத்த முடியாது” என்றார்.

அவர் சொன்னது சரி. வேறு விதமாகச் சொல்லும் மாணவனுக்கு நான் மதிப்பெண் போடமாட்டேன். ஸ்லைடில் உள்ள துணுக்கும் பிளாக்கில் உள்ள சதையும் ஒரே ஆளுடையவைதானா என்று சோதிக்கும் கருவி மைத்துனரின் பிரிவில் மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த நிலையில், இன்று காலை வகுப்பின் நடுவில் காவலர்கள் வந்து என்னை அழைத்துவந்தார்கள். புகார்தாரரும் நிலையத்துக்கு வந்தார்.

“உங்களுக்கு என் மேல வயித்தெரிச்சல்னு தெரியும் மாமா. திருடுற அளவுக்குப் போவீங்கன்னு நினைக்கல” என்றார்.

நான் பிளாக்கை எடுத்து மேசையில் வைத்து, “இது நான்தான்” என்றேன்.

“என்னது?”

“அதுக்குள்ள இருக்கிறது நான்தான் மச்சான். நாளன்னைக்கு மிச்சத்தையும் வெட்டப் போறாங்க.”

அவர் பிளாக்கின் எண்ணைப் பார்த்தார். அதன் பிறகு குற்றவாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அறிவிருக்கா உங்களுக்கு? கதவைத் தட்டியிருந்தா அன்னைக்கே பார்த்துச் சொல்லியிருப்பேனே!”

என்னிடம் படித்தவர் காவலர்கள் முன்னிலையில் இப்படிக் கேட்டார் என்பதையும் பதிந்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு காவல் ஆய்வாளரின் அனுமதியோடு பிளாக்கை எடுத்துப் போய், யாரிடமும் கொடுக்காமல் தானே உட்கார்ந்து சோதித்திருக்கிறார். மாலையில் திரும்பி வந்து முடிவைச் சொன்னார். துணுக்கில் இருப்பது பதினாறாம் வகை வைரஸ். அது ஒரு பெண்ணின் சதை. என்னுடையதில் இருப்பது ஆறாம் வகை; வெறும் மரு, சுட்டு எடுத்தால் போதும். எனக்கு முன்னால் சீவப்பட்ட பிளாக் கருப்பை வாயில் புற்று வந்த அந்தப் பெண்ணுடையது. அவருக்கு நோய் ஏற்கெனவே கண்டறியப்பட்டு, அறுவை முடிந்து, சிகிச்சை நடந்துவருகிறது. அவரை எனக்குத் தெரியாது. அவர் பிழைக்க வேண்டும்.

மைத்துனரின் கணக்கில் ஆண்களின் புற்றில் ஒன்று தவறாக ஏறியிருந்தது என்பதும், நான் பிளாக்கை எடுக்காவிட்டால் அது அப்படியே அச்சேறியிருக்கும் என்பதும் இதனால் தெரியவருகிறது.

“உங்களுக்கு நன்றி சொல்றதா, கேஸ் போடுறதா மாமா?” என்று கேட்டார்.

“ரெண்டையும் செய்” என்றேன். பல வருடங்களுக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்திருக்கலாம், நினைவில்லை.

அறுவை மருத்துவர் தேதியை ரத்து செய்ததாகத் தொலைபேசியில் சொன்னார். அந்தச் சமயத்தில் என் மனைவி நிலையத்துக்கு வந்தார். தம்பி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

“வெட்டப் போறாங்கன்னு என்கிட்ட சொல்லல. வெட்டலைன்னு தெரிஞ்சுக்க மட்டும் நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரணுமா?” என்றார்.

அதன் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். காவலர்கள் இருந்ததால் கையை இழுத்தேன். அவர் விடவில்லை. இதை இடது கையை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிளாக்கை எடுத்தது நான். திருடவில்லை. இங்கே எழுதியிருப்பவை யாவும் நடந்தபடியே நான் சொன்னவை, எவரும் சொல்லிக்கொடுத்தவை அல்ல. வாசித்துக் காட்டக் கேட்டேன்; பிழை இல்லை.

(ஒப்பம்)