விண்கலத்து அம்மணிக்குப் பேச்சு வரும்

“ஹலோ... ஆமாங்க, நூல் கம்பெனிதானுங்க. ஆருங்க பேசறது?... ஆரு?... சத்தியசீலண்ணனா? மெட்ராஸ்ல இருந்தா?”

சுவிட்ச்போர்டு முன்னால் உட்கார்ந்திருந்த ஜெபராணி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஒரு வருடத்துக்கு மேலாக இந்த மனிதரிடமிருந்து பேச்சுமூச்சில்லை. இப்போது வருகிற பேச்சும் சுகம் விசாரிக்கிற பேச்சாக இல்லை.

“கத்தாதீங்கண்ணா, லைன் நல்லாத்தான் கேக்குது... ஆமாங்க, பேப்பர்ல வந்துச்சு. ஆமா, என்ர போட்டோதான்... ஆமாங்க, ஆமா, நாந்தான் பேசுனேன். அந்த நிருபரு ஆபீசுக்கே தேடி வந்தாரு, கேட்டாரு, சொன்னேன்... ஏனுங்க, கேட்டதுக்குப் பதில் சொல்றதும் குத்தமுங்களா?”

சத்தியசீலன் அவளுக்கு அந்நியர் இல்லை. கோயமுத்தூரில் இருவருக்கும் ஒரே சர்ச், ஒரே சபை. மெட்ராசுக்குப் போய் இங்கிலீஷ் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதிக்கொண்டிருந்தவர், சோமனூர் மச்சானின் தறிக்கு நூல் கேட்டு ஒருநாள் இந்த ஆபீசுக்குப் போன் பண்ணினார். போனை எடுத்தது ஜெபராணி. அந்தக் குரலைக் கேட்டதும் நூலை மறந்துவிட்டார்.

அப்போது அவர் கையில் இருந்தது ‘சாம்பல் கிரகம்’ என்ற விண்வெளிப் படம். அதில் விண்கலமே வாய் திறந்து பேசும். இங்கிலீஷில் வறட்டு ஆண்குரல். தமிழில் அதற்கு ஜெபராணியைப் பேசவைத்தார். “கேப்டனுங்க, பின்னாடி ஏவுகணை ஒண்ணு வருதுங்க, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க” என்று கலம் மரியாதையாகச் சொன்னபோது, பல்லடத்திலும் பொள்ளாச்சியிலும் விசில் பறந்தது. பெயரில்லாத கலத்துக்கு ஜனங்களே அம்மணி என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் பாகமும் அம்மணிக்காகவே ஓடியது.

மூன்றாம் பாகத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. வேலை தள்ளிப்போகிறது போல என்று காத்திருந்தாள். கடைசியில் கணவன் பிராங்கோடு டிக்கெட் எடுத்துப் படம் பார்க்கப் போனாள். கலம் வாய் திறந்தது. வேறு யாரோ பேசினார்கள். படம் அடுத்த வெள்ளிக்கிழமை தியேட்டரில் இல்லை. அதைப் பற்றித்தான் மாலைப் பேப்பரில் வந்திருந்தது: அம்மணி இல்லாததால் படம் விழுந்தது என்று கொட்டை எழுத்தில்.

“படம் விழுந்தது மழையாலயா? எந்த மழைங்க? இங்க ஒரு தூத்தல் இல்ல... செரி, பரீட்சை. பரீட்சைன்னா பிள்ளைக வராது, தறிக்காரங்களுக்கு என்ன பரீட்சைங்க?... கிரிக்கெட்டா? அண்ணா, மேட்ச் முடிஞ்சு நாளாச்சு... கேபிளா? ரெண்டாம் பாகம் வந்தப்பவும் ஊட்டுக்கு ஊடு கேபிள் இருந்துதே. அப்ப கூட்டம் வர்லீங்களா?”

பக்கத்துப் பலகையில் விளக்கு மின்னியது. ஜெபராணி ரிசீவரைக் கையால் பொத்தினாள். “இஸ்மத், அந்த லைனை நீ எடும்மா. முதலாளி கேட்டா, நான் மெட்ராஸ் லைன்ல இருக்கேன்னு சொல்லு.” உடன் வேலை பார்க்கும் இஸ்மத் தலையாட்டிவிட்டு லைனை எடுத்தாள். ஆனால் ஒரு காதை இந்தப் பக்கமே வைத்திருந்தாள்.

“ஆங், சொல்லுங்க... நானா? நான் ஆளுங்களைத் தூண்டி உட்டனா? தியேட்டர்ல ‘அம்மணி எங்கடா’ன்னு கத்துனது நான் வெச்ச ஆளுங்களா? அண்ணா, வாயை அளந்து பேசுங்க... நீங்க பெரியவரு, அதனாலதான் இன்னும் லைன்ல இருக்கேன்... அப்ப நான் ஒண்ணு கேக்கறேன். என்னை ஏன் கூப்புடல?... இல்ல, அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க... மழுப்பாதீங்க. ஆரு பேசுனது அது?... ஆரு?... உங்க கொழுந்தியாளா?”

அவளுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. வரவில்லை. அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியும். நல்ல பெண்தான். மெட்ராசிலேயே பிறந்து வளர்ந்தவள், ‘ங்க’ போட்டுப் பேசச் சொன்னால் கட்டளை போடுவதுபோல் ஒலிக்கும்.

“செரி, உங்க சொந்தம், நீங்க குடுத்துப்போட்டீங்க. அதை எங்கிட்ட நேரா சொல்லியிருந்தா நான் என்ன சண்டைக்கா வந்திருப்பேன்?... இப்ப என்ன வேணும் உங்களுக்கு?... பேப்பர்ல வந்ததைத் தப்புன்னு சொல்லணுமா?... அது வேண்டாமா? அப்பறம்?... எனக்குப் புரியல. டப்பிங் புரடியூசரு போன் பண்ணுவாரு, செரி. மருதாசலமய்யாதானுங்களே, அவரு நல்லாப் பேசுவாரு... நான் எடுக்கக் கூடாதா? ஏன்?... இஸ்மத்தை எடுக்கச் சொல்றதா? அவ எடுத்து என்ன சொல்றது?”

அந்தப் பக்கம் குரல் தணிந்து கிசுகிசுப்பாகிவிட்டது. கேட்கக் கேட்க ஜெபராணியின் முகம் மாறியது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

“இன்னொருக்கா சொல்லுங்க... எனக்குப் பேச்சு வராதுன்னா? நானே பேப்பருக்கு எழுதித்தான் குடுத்தேன்னா?... எதுக்கு அப்படிச் சொல்லணும்?... அண்ணா... புரடியூசர்கிட்ட என்னன்னு சொல்லி வெச்சிருக்கீங்க?... சொல்லுங்க. சொல்லலீன்னா இப்பவே லைனை வெச்சுப்போடுவேன்... தொண்டையிலயா?”

இஸ்மத் தன் ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தொண்டையில புத்துநோய்னு சொன்னீங்களா? ஆப்பரேசன் பண்ணிக் குரல் போயிருச்சுன்னு சொன்னீங்களா? கொழுந்தியாளைப் பேசவெக்கறதுக்கா?”

அந்த நொடியில் அவளுக்கு வேறொன்று உறைத்தது. போன கிறிஸ்துமசுக்கு வேதபாடம் வாசிக்க அவளைக் கூப்பிடவில்லை. வருடா வருடம் அவள்தான் வாசிப்பாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்கள். ஒருத்தி பனங்கற்கண்டு பொட்டலம் கொடுத்தாள். ஏன் என்று விளங்காமல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

“அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. இதைச் சபையிலயும் சொன்னீங்களா?... உங்கம்மாவா? எனக்குக் குரல் போகப்போவுதுன்னு உங்கம்மா போதகர்கிட்டச் சொல்லி, எனக்காக ஜெபம் பண்ணச் சொன்னாங்களா?... அட ஆண்டவரே! நல்லா இருக்கறவளுக்கு நோய்னு சொல்லி ஜெபம் பண்ணவெச்சீங்களா? நான் பாட்டுக்கு முன் பெஞ்சுல உக்காந்திருக்கேன், எல்லாரும் என்னைச் சாகப்போறவளாட்டம் பாத்திருக்காங்க!... அமைதியா பேசறதா? எதுக்கு? எனக்குத்தான் குரலே இல்லியே, நான் எப்படிப் பேசுனா உங்களுக்கென்ன!... கொழுந்தியா பொழப்பு உங்களுக்குப் பெருசு. என்ர பொழப்பு? இந்த ஒரு வருசத்துல எத்தனை பேரு என்னைக் கேட்டிருப்பாங்க, எத்தனை பேருகிட்ட ‘அவளா, பாவம்’னு சொல்லியிருப்பீங்க?”

உள்ளேயிருந்து கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்தார். இஸ்மத் கையைக் காட்டி அவரை உள்ளே அனுப்பினாள்.

மெட்ராசில் ஒரு கதவு திறக்கும் சத்தம். பிறகு தொலைவில் இன்னொரு குரல். ஜெபராணிக்கு அது யாரென்று தெரிந்துவிட்டது. சத்தியசீலன் பேசிக்கொண்டிருப்பது புரடியூசரின் ஆபீசிலிருந்துதான்.

“அவரு வந்துட்டாருங்களா? போனை அவருகிட்டக் குடுங்க... ராங் நம்பரா? நான் ராங் நம்பரா?” ஜெபராணி ஒரு மூச்சு இழுத்தாள். ஒலிப்பதிவு அறையில் மைக்கிலிருந்து தள்ளி நின்று பேசச் சொல்லும் அளவுக்குச் சத்தமான குரல் அது. “ஏனுங்க மருதாசலமய்யா! நான் கோயமுத்தூர் ஜெபராணி பேசறேனுங்க! எனக்குத் தொண்டைக்கு ஒண்ணும் ஆகலீங்க! போனை வாங்குங்க!”

அந்தப் பக்கம் ஏதோ உருண்டு விழுந்தது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம். பிறகு கனத்த குரல் ஒன்று.

“வணக்கமுங்க... ஆமாங்க, நானேதான்... ஆமாங்க, ஆமா. காய்ச்சல்கூட வந்ததில்லீங்க... எனக்கே இப்பத்தான் தெரியுமுங்க. பழம் அனுப்பி உட்டீங்களா? எனக்கு வந்து சேரலீங்க... பரவால்லீங்க, அதை உடுங்க.”

அம்மணி இல்லாததால்தான் படம் விழுந்ததா என்று அவர் அடுத்துக் கேட்டார். மேசைமேல் கிடந்த பேப்பரில் அவளுடைய படம் பெரிதாக இருந்தது. ஒரு ‘ஆமாங்க’ சொன்னால் போதும். சத்தியசீலன் இன்றோடு தீர்ந்தார். அவளுக்கு நாக்குவரைக்கும் வந்தது.

“...இல்லீங்கய்யா. பேப்பர்ல பாதிதான் போட்டிருக்காங்க. என்ர குரல் இல்லாதது ஜனங்களுக்குக் கோவந்தான், அது நெசம். ஆனா படம் விழுந்தது அதனால இல்லீங்க... நான் பாத்தனுங்க. இடைவேளைக்கு முன்னாலயே கலத்தை வெடிக்கவெச்சுப்போட்டாங்க. கேப்டனையும் கொன்னாச்சு. அப்பறம் படம் பூரா ஒரு மண்டபத்துல உக்காந்து யாரு தலைவருன்னு பேசறாங்க. போஸ்டர்ல மட்டும் கலம் பறக்குது. டீ குடிக்கப் போன தறிக்காரங்க திரும்பி வர்லீங்க... நான் பேசியிருந்தா இடைவேளை வரைக்கும் விசில் வந்திருக்கும். அப்பறம் கலமே இல்லியே, நான் எங்கிருந்து பேசறதுங்க?”

அந்தப் பக்கம் சத்தியசீலன் பேரைச் சொல்லிக் கனத்த குரல் ஏறியது.

“இல்லீங்க. படம் ஓடலீன்னு அவரை அனுப்பாதீங்க. இங்கிலீஷ்காரன் கலத்தை வெடிக்கவெச்சதுக்கு அவரு என்ன பண்ணுவாரு? என்னைப் பத்திப் பொய் சொன்னதுக்கு அவரைக் கேளுங்க. நல்லாக் கேளுங்க... வாரனுங்க, படம் இருந்தாச் சொல்லி அனுப்புங்க, தாராளமா வாரேன். ஆனா நான் பேசறப்ப அவரு அந்த ரூமுல இருக்கக் கூடாது... ஆகட்டுங்க. ரொம்ப சந்தோசமுங்க.”

ரிசீவர் கை மாறியது. இப்போது கேட்டது சத்தியசீலனின் உடைந்த குரல்.

“அழுவாதீங்க. உங்களுக்காகச் சொல்லல, நெசத்தைச் சொன்னேன்... இல்ல. மன்னிக்க முடியாதுங்க, இன்னிக்கு முடியாது... கேக்கணும்னா ஞாயித்துக்கிழமை இங்க வாங்க. சபை நடுவுல எந்திரிச்சு நின்னு, ஜெபராணிக்கு ஒரு சீக்கும் இல்ல, நாந்தான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க... ஆமா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி... அண்ணா?... ஹலோ?... ஹலோ?”

லைன் கட்டாகிவிட்டது.

ஜெபராணி நின்றபடியே இருந்தாள். இஸ்மத் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜெபராணி வேறொரு எண்ணைச் சுழற்றினாள்.

“ஹலோ... போதகரய்யாங்களா? தோத்திரமுங்க... நான் ஜெபராணி பேசறேனுங்க... ஆமாங்க, நானே. என்ர சொந்தக் குரல்தானுங்க. பத்து நிமிசம் இருக்குமுங்களா? உங்ககிட்ட நெறையப் பேசணும்.”