அந்தோனியாருக்கு வரிக்கழிவு இல்லையாம்!

கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, நான் என்ன பேசப்போகிறேனோ என்று வியர்த்துக்கொண்டிருக்கும் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் மரியநாயகம் அண்ணை அவர்களே! வலை இழுத்த கை காயுமுன் வந்தமர்ந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, ஆத்திரத்தை அணைக்காமல் வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! கொழும்பிலிருந்து வந்து முன்கதிரையை நிறைத்திருக்கும் வர்த்தகப் பெருந்தகை பரராசசிங்கம் ஐயா அவர்களே! நாரந்தனை மாதர் சங்கச் செயலாளர் அன்ரனிட்டாவின் வணக்கம்.

நோயாளரை ஏற்ற ஊருக்கு ஒரு கார் வேண்டுமென்றோம். எங்கள் கோயில் அந்தோனியாருக்கென்று படகுக்குப் படகு ஒதுக்கிவைத்த பங்கைச் சேர்த்து வாங்கினோம். பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்! விற்றவர் என்ன சொன்னார்? "இந்தக் காருக்கு வரிக்கழிவு இருக்கு, பயப்பிடாமல் எடுங்கோ" என்றார். அந்தக் காசில் சாரதிக்குச் சம்பளம் கொடுக்கலாமென்று நாங்களும் நம்பினோம். ஊர்ச்சொத்தை எல்லாம் எழுதுவதுபோலக் காரையும் அந்தோனியார் பெயரிலேயே எழுதினோம்.

கழிவு கேட்டுப் போனோம். அதிகாரி கேட்டார்: "அந்தோனியார் வருமானவரி கட்டுறவரோ?"

"இல்லை ஐயா, அவர் புனிதர்" என்றார் நம் தலைவர்.

"அப்ப கழிவும் இல்லை."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள்! எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரிக்கழிவு என்பது கையில் எண்ணித் தரும் காசல்ல, தாய்மாரே. ஒருவர் கட்டவேண்டிய வருமானவரியில் குறைத்துவிடும் தொகை. கட்ட வரியே இல்லாதவனுக்கு எதைக் குறைப்பது? பெரிய வருமானக்காரன் பெரிய கார் வாங்கினால் சலுகை. கடலை நம்பிக் கஞ்சி குடிப்பவன் ஊருக்காக வாங்கினால் சைபர்! அப்படியானால் நாங்கள் வரியே கட்டாதவர்களா? சீனியில் கட்டவில்லையா? சவர்க்காரத்தில் கட்டவில்லையா? நெருப்புப்பெட்டியில் கட்டவில்லையா? அதற்கு எந்தச் சட்டத்தில் கழிவு? எவன் தருவான் கழிவு?

என்ன அப்புத்துரை அண்ணை? "சத்தம் போடாதை பிள்ளை" என்கிறீர்களா? இன்றைக்குப் போடத்தான் போகிறேன்!

கழிவு இல்லை, ஆகவே சம்பளம் இல்லை, ஆகவே சாரதி இல்லை. கார் கோயில் வளவில் உறங்கியது. காரைக் கிளப்பும் திறப்பு, தலைவரின் சட்டைப்பையில் உறங்கியது. நிவாரண நிறுவனத்தில் பிக்கப் ஓட்டியவள் நான், லைசென்ஸ் இருக்கிறது, சம்பளமில்லாமல் ஓட்டுகிறேன் என்று கேட்டேன். தலைவரின் பதில் என்ன? "பொம்பிளை ஓட்டி மதிலிலை முட்டிப்போட்டா ஆர் பொறுப்பு? வரி அலுவல் முடியட்டும்."

போன செவ்வாய் றோசம்மா அக்காவின் மகள் மேரிசுகந்திக்குப் பிள்ளைப்பேற்று நோக்காடு. வரி அலுவல் முடியட்டுமென்று பிள்ளை காத்திருந்ததா? கொட்டும் மழையில், லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில், தறப்பாளின் கீழ் குலுங்கிக் குலுங்கிப் போனாள். கடல் நடுவே போகும் தாம்போதி வீதியில் பிள்ளை பிறந்தது. பிள்ளை சுகம். தாய் இன்னமும் ஆஸ்பத்திரிக் கட்டிலில். றோசம்மா அக்கா, அழாதேங்கோ. உங்கள் மகளுக்காகத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

இப்போது பரராசசிங்கம் ஐயா வழி சொல்கிறார். "காரை என்ரை பேரிலை மாத்துங்கோ. கழிவை நான் எடுக்கிறன். கார் கொழும்பிலை நிக்கட்டும், தேவையெண்டால் அனுப்பிவிடுறன்." அடடா, என்ன தாராளம்! நோக்காடு கண்டவள் கொழும்புக்குப் போன் அடித்துவிட்டுப் பாயில் கிடப்பாளா? எங்கள் வியர்வையில் வாங்கிய காருக்கு உங்கள் வரி குறையவேண்டுமா? மாற்றமாட்டோம் ஐயா! அந்தோனியார் பெயரில் வந்தது அந்தோனியார் பெயரிலேயே ஓடும். ஓடும், ஓடும், இன்றைக்கே ஓடும்!

கைதட்டியது போதும், கையைத் தூக்குங்கள். காரை நான் ஓட்டச் சம்மதமானவர்கள்? ஓம்... பின்னாலும் ஓம்... அப்புத்துரை அண்ணையுமா? நன்றி அண்ணை!

மரியநாயகம் அண்ணை, ஊர் சொல்லிவிட்டது. திறப்பைத் தாங்கோ. றோசம்மா அக்கா, எழும்புங்கோ, மகளைப் பார்த்துவிட்டு வருவோம். பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம். வழிவிடுங்கள், கார் எடுக்க வேண்டும்.