பத்து நிமிசம் வாய் மூடி

பிரசரு நூத்தித் தொண்ணூறாமுங்க! நூத்தி அறுபதுக்குக் கீழ எறங்கினாத்தான் கண் ஆபரேசனுக்கு வேன்ல ஏத்துவாங்களாம். போன கேம்ப்லயும் இதே பிரசரு, இதே பதிலு... வலக்கண்ணு போச்சுங்க. இடக்கண்ல உங்க சட்டை வெள்ளைன்னு தெரியுது, மூஞ்சி தெரியல. உங்களுக்கு நூத்தி எழுபதுன்னு நர்சு அருணா சொன்னது காதுல விழுந்துச்சு. அப்ப நீங்களும் நம்ம கட்சிதான்! பத்து நிமிசம் பேசாம உக்காருங்க, மறுபடி பார்க்கறேன்னுட்டுப் போயிருக்கு. உக்காந்தாப் போச்சு!

எனக்குப் பிரசரு வரலாங்களா, சொல்லுங்க? இந்த மலைமேல, குண்டூர் நாட்டுல நாப்பது வருசம் புத்தரப் பத்தி மேடையேறிப் பேசினவன் இந்த அப்பாசாமி. எட்டணாப் புத்தகம் படிச்சு வளந்த அறிவு! யாகம் வேண்டாம்னாரு, சாதி இல்லைன்னாரு... அதையெல்லாம் மைக்கு உடையக் கத்துனேன். கோபத்த அடக்குன்னும் அவருதான் சொன்னாரு. அந்தப் பக்கத்த மட்டும் எப்பிடியோ திருப்பிட்டுப் போயிட்டனுங்க. போன மாசம் எங்க ஊட்டுக்காரி அம்சவேணி கண்டுபுடிச்சு, சத்தமாப் படிச்சுக் காட்டுனா.

ஒருத்தன் புத்தர வாய்க்கு வந்தபடி வைதானாம். 'விருந்தாளிக்கு வெச்ச சோத்த அவன் திங்கலீன்னா அது யாருக்கு?'ன்னு கேட்டாராம். வெச்சவனுக்குத்தானே! வசவும் அப்பிடித்தானாம். அடேங்கப்பா! மறுநாளே மொளகுக் காட்டு வரப்புல சின்னுசாமி, 'ஏய், ஓட்டை ஸ்பீக்கரு'ன்னான். நான் வாங்கிக்கலையே! சிரிச்சிட்டே ஊடு வந்தேன். வந்து... கொழம்புல உப்பில்லைன்னு அம்சவேணிய அரைமணி நேரம் வைதேன். உப்பு இருந்துச்சுங்க.

அப்பறம் மூச்ச எண்ணச் சொன்னா. உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு... ஏழாவது மூச்சுல 'ஒழிக'ன்னு வாய் தானாத் தொறந்துக்குது!

இந்தக் கண்டிப்பெல்லாம் கொண்டாந்தது யாருங்கறீங்க? நான்தான்! ஆறு வருசம் முன்னாடி ஆளுக்கொரு சிபாரிசப் புடிச்சு வேன்ல ஏறிட்டு இருந்தாங்க. காளப்பநாயக்கன்பட்டி நடுரோட்ல போயிப் படுத்தனுங்க. 'பிரசரு பார்க்காம ஒருத்தனையும் ஏத்தாதே! எவன் சிபாரிசும் செல்லாது!' மூணு மணி நேரம், பஸ்ஸு, லாரி ஒண்ணு நகரலை. கேம்ப்புக்காரங்க அப்பிடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. இன்னைக்கு அருணாகிட்ட மெதுவா, 'கண்ணு, ஒரு நாப்பதக் கொறச்சு எழுதிக்க'ன்னேன். அந்தத் தாள எடுத்து என் மூஞ்சிக்கு நேராக் காட்டுது! நல்லவேளை, எழுத்துத் தெரியல.

என்ன, உங்களத்தான் கூப்புடுது. போங்க, போங்க... நூத்தி நாப்பதா! ஏறலாமா! ஒரு வார்த்த பேசலையே நீங்க... அட, மூச்ச எண்ணிட்டா இருந்தீங்க?

இந்தா கண்ணு, கை. எவ்வளவு?... இருநூறா! ஏறிருச்சா! அடுத்த கேம்ப்பு ஆறு மாசங் கழிச்சா? அதுக்குள்ள இந்தக் கண்ணும்... இல்ல, கத்தல, கத்தல. வேன் இன்னும் பத்து நிமிசம் நிக்குமா? கடைசியா ஒருக்கா பார்ப்பியா? சரி கண்ணு. சரி.

...ஏனுங்க, யாருங்க அது, பக்கத்துல உக்கார வாரது? எடம் இருக்குது, இல்லீங்கல. அந்தக் கடைசிப் பெஞ்சுக்குப் போயிருங்க சாமி. உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்.